பம்ப் காட்டும் அளவும் மார்பில் ஊறும் பாலும்: புதிய தாய்மார்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பிரசவமான வீட்டில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "பால் பத்தல போலிருக்கே." குழந்தை அழுதால் பால் பத்தவில்லை. மணிக்கொரு தரம் மார்பைத் தேடினால் பத்தவில்லை. மார்பு கனமில்லாமல் தளர்ந்திருந்தால் பத்தவில்லை. இப்போது புதிதாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: தாய்ப்பால் எடுக்கும் பம்ப்பை வைத்து 20 நிமிடம் எடுத்தும் பாட்டிலின் அடியில் 30 மில்லிதான் நின்றது, ஆகவே நிச்சயமாகப் பத்தவில்லை.

இந்த நான்கில் எதுவும் தனியாக நின்று பால் குறைவை நிரூபிக்காது. ஆனாலும் இவற்றை நம்பித்தான் பலர் பவுடர் பாலைத் தொடங்குகிறார்கள். தொடங்கிய பிறகு நிஜமாகவே பால் குறைகிறது. குறைந்ததும், "அப்போதே சொன்னேனே" என்று வீடு முடிவு கட்டிவிடுகிறது. பவுடர் பால் கொடுப்பது குற்றமில்லை; சில குழந்தைகளுக்கு அது அவசியம்கூட. ஆனால் இருக்கிற பாலை இல்லை என்று நினைத்துத் தொடங்குவது வேறு விஷயம். அந்தத் தப்புக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

இறைக்க இறைக்க ஊறும்

மார்பைப் பலரும் குடமாக நினைக்கிறார்கள். நிரம்பியிருந்தால் பால் உண்டு, காலியானால் மறுபடி நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. உண்மையில் அது கிணறு. 'இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும்' என்ற பழமொழியின் முதல் பாதி மார்புக்கு அப்படியே பொருந்தும். இரண்டாம் பாதி பொருந்தாது. மார்புக்குள் நிற்கும் பால் கெடுவதில்லை, புளிப்பதில்லை. ஒரு வேளை கொடுக்க முடியாமல் போனால், 'தேங்கின பால்' என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் கொடுக்கத் தேவையே இல்லை. தேங்கிய பால் செய்வது வேறொரு வேலை: ஊற்றின் வேகத்தைக் குறைக்கிறது.

மார்பகத்தின் உள்ளே மிக நுண்ணிய பைகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் சுவரில் உள்ள செல்கள் ரத்தத்திலிருந்து வேண்டியதை எடுத்துப் பாலாக்கிப் பைக்குள் விடுகின்றன. ஒவ்வொரு பையைச் சுற்றியும் மெல்லிய தசை செல்கள். பைகளிலிருந்து குழாய்கள் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, காம்பில் பல சிறு துளைகளாகத் திறக்கின்றன.

இந்த அமைப்பை இயக்குவது முக்கியமாக இரண்டு ஹார்மோன்கள். ஹார்மோன் என்றால் ஓர் இடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து போய், இன்னோர் உறுப்புக்கு வேலை சொல்லும் ரசாயனம். குழந்தை காம்பைச் சப்பியதும் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அப்போது விடும் இரண்டில் ஒன்று புரோலாக்டின். 'பால் தயாரி' என்ற உத்தரவு அது. இரவில் இதன் அளவு கூடுதலாக இருக்கும். அதனால்தான் ஆரம்ப வாரங்களில் ராத்திரிப் பாலை விட்டுவிட வேண்டாம் என்று சொல்கிறார்கள்.

இரண்டாவது ஹார்மோன் ஆக்ஸிடோசின். பைகளைச் சுற்றியுள்ள தசைகளை இறுக்கி, உள்ளே இருக்கும் பாலைக் குழாய்க்குள் தள்ளுவது இதன் வேலை. இதைத்தான் பால் இறங்குவது என்கிறோம். கவனித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். குழந்தை முதலில் படபடவென்று மேலோட்டமாகச் சப்பும். ஓரிரு நிமிடத்தில் தாடை அகலமாக இறங்கி, சப்பல் மெதுவாகி, 'க்ளக்' என்று விழுங்கும் சத்தம் கேட்கும். அதே நேரத்தில் மறுபக்கத்து மார்பிலிருந்து தானாகச் சொட்டுவதும் உண்டு. சிலருக்கு மார்பில் ஊசி குத்துவது போன்ற கூச்சம் இருக்கும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் இயல்பே.

ஆக்ஸிடோசினுக்கு ஒரு குணம் உண்டு. குழந்தையின் வாசம், அழுகை, நினைப்பு இவையே போதும், பால் இறங்கிவிடும். வலி, பயம், கூச்சம், அவசரம் இருந்தால் தயங்கும். மார்பில் பால் இருக்கும், ஆனால் வெளியே வராது. "டென்ஷனில் பால் வற்றிவிட்டது" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான்: வற்றவில்லை, இறங்கத் தயங்குகிறது.

மூன்றாவதாக ஒரு கட்டுப்பாடு மார்புக்குள்ளேயே இருக்கிறது. பைகள் நிறைந்து பால் தேங்கினால், தேங்கிய பாலே செல்களுக்கு 'போதும், மெதுவாகச் செய்' என்று சொல்லிவிடும். பால் வெளியேறினால் அந்தத் தடை நீங்கி வேகம் கூடும். இது இரண்டு மார்பிலும் தனித்தனியாக நடக்கிறது. ஒரு பக்கம் மட்டுமே கொடுத்துவந்தால் அந்தப் பக்கம் நன்றாகச் சுரக்கும், மறுபக்கம் மெல்ல வற்றும். பவுடர் பால் புகுந்த வீட்டில் நடப்பதும் இதுவே. பாட்டில் குடித்த குழந்தை அந்த வேளை மார்பைக் கேட்பதில்லை, பால் தேங்குகிறது, 'மெதுவாகச் செய்' என்ற உத்தரவு போகிறது.

மார்பின் அளவைப் பற்றிச் சுருக்கமாக: பெரிதா சிறிதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கொழுப்பு. ஒரே சமயத்தில் எவ்வளவு பால் தேக்கிவைக்க முடியும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். குறைவாகத் தேக்கும் மார்பிலிருந்து குழந்தை அடிக்கடி குடிக்கும், ஆனால் நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது போதுமானதாகவே இருக்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: புரோலாக்டின் பாலைத் தயாரிக்கச் சொல்கிறது, ஆக்ஸிடோசின் இறக்குகிறது, எவ்வளவு வேகத்தில் தயாரிப்பது என்பதை வெளியேறிய பால் தீர்மானிக்கிறது. அடிக்கடி காலியாகும் மார்பு அதிகம் சுரக்கும்.

முதல் நான்கு நாட்கள் வேறு கதை

மேலே சொன்ன கணக்கு முழுதாக அமலுக்கு வருவதற்கு முன் ஓர் இடைவெளி இருக்கிறது. கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பு சீம்பாலைச் சுரக்கத் தொடங்கிவிடும். ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் அதைப் பெருகவிடாமல் பிடித்துவைத்திருக்கும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்தப் பிடி தளர்கிறது. அதன் பிறகு 2 முதல் 4 நாட்களில் பால் பெருகும். சிசேரியன், நீரிழிவு, அதிக ரத்தப்போக்கு, முதல் பிரசவம் இவற்றில் கொஞ்சம் தாமதமாகலாம்.

அந்த இடைவெளியில் கிடைப்பது கெட்டியான மஞ்சள் நிறச் சீம்பால். முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லிதான், ஒரு டீஸ்பூனுக்கு முன்பின். பார்ப்பவர்களுக்குத் திகிலாக இருக்கும், ஆனால் பிறந்த அன்று குழந்தைக்குத் தேவையும் அவ்வளவே. நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த பால் அது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்கச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம், முதல் 6 மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்கிறது. பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தான் என்பதால் தாகத்துக்குத் தனியாக எதுவும் தேவைப்படாது.

இந்த நாட்களில் பம்ப் வைத்தால் சீம்பால் குழாயிலும் குப்பியின் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு பாதி வீணாகும். கையால் பீய்ச்சுவது மேல். கையைக் கழுவிக்கொண்டு, கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, காம்பிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கி, விடுங்கள். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது, காம்பையே பிடித்து இழுக்கவும் கூடாது. முதல் சில அமுக்கலில் ஒன்றும் வராது. பிறகு ஒரு சொட்டு முத்துப் போல வந்து நிற்கும். அதைச் சின்ன ஸ்பூனிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ பிடித்துக் கொடுக்கலாம்.

பால் போதுகிறதா? டயப்பரைப் பாருங்கள்

மார்பைப் பிசைந்து பார்ப்பதாலோ பம்ப்பின் கோடுகளைப் பார்ப்பதாலோ இதற்கு விடை கிடைக்காது. உள்ளே போனது வெளியே வர வேண்டும், எடை ஏற வேண்டும். இந்த இரண்டும் நம்பகமான சாட்சிகள்.

ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் குறைந்தது 6 தடவையாவது நன்றாக நனைந்த டயப்பர் இருக்க வேண்டும். சிறுநீர் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். முதலில் கருப்பாகத் தார் போல் வந்த மலம் நான்கு, ஐந்து நாளில் மஞ்சளாகிவிட வேண்டும். எடை முதல் சில நாட்களில் குறைவது சகஜம். பிறந்த எடையில் 10 சதவீதத்தை நெருங்கிக் குறைந்தால் டாக்டர் பார்க்க வேண்டும். பொதுவாக இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்ப எட்டிவிடும்.

பச்சிளம் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை குடிக்கும். அதுவும் சீராகக் குடிக்காது. பகலில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, சாயங்காலம் ஆனதும் விட்டு விட்டு மூன்று நான்கு மணி நேரம் மார்பிலேயே கிடக்கும் குழந்தைகள் நிறைய. தாய் களைத்துப்போகும் நேரம் அது, மார்பும் தளர்ந்திருக்கும், 'பால் தீர்ந்துவிட்டது' என்று தோன்றத்தான் செய்யும். குழந்தை அப்போது செய்வது கிணற்றை இறைக்கும் வேலை. ஆறு வாரத்துக்குள் மார்பின் விறைப்பு குறைவதும் இயல்பே. உடல் தேவையைக் கணக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். நிஜமாகவே பால் குறைவான தாய்மார்கள் இருக்கிறார்கள். பால் சுரக்கும் திசு போதிய அளவு வளராதவர்கள், மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தைராய்டு கோளாறு உள்ளவர்கள், பிரசவத்தில் மிக அதிகமாக ரத்தம் இழந்தவர்கள், நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிட்டவர்கள். இவர்களிடம் "மனசு வைத்தால் வரும்" என்று சொல்வது கொடுமை. டயப்பர் நனையவில்லை, குழந்தை எழுப்பினாலும் எழுந்து குடிக்கவில்லை, தோலிலும் கண்ணிலும் மஞ்சள் நிறம் கூடுகிறது என்றால் அன்றைக்கே குழந்தை நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பசியில் இருக்கும் குழந்தைக்கு முதலில் பால் போக வேண்டும், எந்தப் பாலாக இருந்தாலும். கூடவே தாய்க்கு என்ன காரணம் என்று பார்க்கலாம்.

பம்ப் அளவுகோல் இல்லை

சரி, அந்த 30 மில்லி விஷயத்துக்கு வருவோம்.

ஒரு மாதம் முதல் 6 மாதம் வரை, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை ஒரு நாளில் சராசரியாக 750 முதல் 800 மில்லி குடிக்கிறது. இதை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்குச் சுமார் 30 மில்லி. குழந்தை குடித்து முடித்து ஒரு மணி நேரம் கழித்துப் பம்ப் வைத்தவருக்கு 30 மில்லி வந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் ஊறியது முழுக்க வந்திருக்கிறது! காலையில் எழுந்ததும் எடுத்தால் கூடுதலாக வரும், சாயங்காலம் குறைவாக வரும். இணையத்தில் ஃப்ரீசர் நிறையப் பால் பைகளை அடுக்கிப் படம் போடுபவர்களோடு ஒப்பிட்டால் யாருக்குமே பத்தாது.

அதோடு, பம்ப் குழந்தை இல்லை. குழந்தை நாக்கால் மார்பை மேல் அண்ணத்தில் அழுத்தி, வாய்க்குள் வெற்றிடம் உண்டாக்கி, தாயின் உடம்புச் சூட்டில் ஒட்டிக்கொண்டு குடிக்கிறது. பம்ப்புக்குத் தெரிந்தது உறிஞ்சுவது மட்டும்தான். ஆக்ஸிடோசின் வரவில்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த பம்ப்பாக இருந்தாலும் வெறும் காற்றைத்தான் இழுக்கும். நல்ல சுரப்பு உள்ள சிலருக்கும் பம்ப் ஒத்துவராது.

ஆகவே பம்ப்பை அது செய்யக்கூடிய வேலைக்கு வைத்துக்கொள்வோம். குழந்தை அருகில் இல்லாதபோதும் குடிக்க முடியாதபோதும் கிணற்றை இறைத்துவைப்பதுதான் அந்த வேலை.

வேலைக்குத் திரும்பும் தாய், குழந்தை குடித்திருக்கக்கூடிய ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தடவை எடுத்தால் சுரப்பு குறையாமல் இருக்கும். குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் விஷயம் அவசரமானது. பிரசவமாகி சில மணி நேரத்துக்குள் தொடங்கி, நாளில் 8 தடவையாவது, இரவிலும் ஒரு தடவை, எடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் நடக்கும் இறைப்புதான் பின்னால் எவ்வளவு சுரக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

நேரடியாகக் குடிக்கும், எடை நன்றாக ஏறும் குழந்தை இருக்கும்போது ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் 'மிச்சத்தை' எடுத்துக்கொண்டே இருந்தால்? உடல் இரட்டைக் குழந்தை என்று நினைத்துக்கொள்ளும். தேவைக்கு மேல் ஊறும், மார்பு கட்டும், பால் பீறிட்டுக் குழந்தைக்குப் புரை ஏறும். ஃப்ரீசரை நிரப்பும் ஆசை இப்படித்தான் பலரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது.

பம்ப் வலிக்கக் கூடாது

மார்பின் மேல் வைக்கும் புனல் போன்ற பாகத்துக்கு ஃப்ளாஞ்ச் என்று பெயர். பம்ப் வலியில் பாதி இதன் அளவு பொருந்தாததால் வருகிறது. பெட்டியோடு வரும் அளவு எல்லோருக்கும் சரியாக இருக்காது, பலருக்கு அதைவிடச் சிறியது தேவைப்படும். பம்ப் ஓடும்போது குனிந்து பாருங்கள். காம்பு குழாயின் நடுவில் தாராளமாக முன்னும் பின்னும் போய்வர வேண்டும். சுவரில் உரசினால் சிறிது, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் பெரிது. எடுத்து முடித்ததும் காம்பு வெளுத்தோ, நசுங்கியோ, கன்றிச் சிவந்தோ இருந்தால் அளவை மாற்ற வேண்டும்.

இழுவையை உச்சத்தில் வைத்தால் அதிகம் வரும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் நடப்பது நேர்மாறு. வலி ஆக்ஸிடோசினைத் தடுக்கும், காம்பும் புண்ணாகும். மின்சார பம்ப்புகள் பலவற்றில் இரண்டு நிலைகள் உண்டு. முதலில் வேகமாக, லேசாக இழுப்பது பாலை இறக்க. பால் சொட்டத் தொடங்கியதும் மெதுவாக, ஆழமாக இழுப்பது எடுக்க. வலிக்காத எல்லைக்குள் எது அதிகமோ அதுவே உங்கள் அளவு. இரண்டு பக்கமும் சேர்த்து எடுத்தால் 15 முதல் 20 நிமிடம் போதும். பல மாதம் நன்றாக ஓடிய பம்ப்பில் திடீரென்று பால் குறைந்தால் உங்கள் உடம்பைச் சந்தேகிக்கும் முன் ரப்பர் வால்வைப் பாருங்கள். நைந்த வால்வு மாற்றினதும் பல சமயம் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒருவருக்கான பம்ப்பை அடுத்தவர் பயன்படுத்துவது பாதுகாப்பில்லை. பல வகை பம்ப்புகளில் பால் துளியும் ஈரமும் மோட்டார்ப் பகுதிக்குள் போக வழியுண்டு, அதைத் திறந்து சுத்தம் செய்ய முடியாது. மருத்துவமனைகளில் பலர் பயன்படுத்தும் பம்ப் வேறு வகை. அதிலும் பால் படும் பாகங்கள் ஒவ்வொருவருக்கும் தனி.

நேரடியாகக் கொடுக்கும்போது காம்பு வலித்தாலும் அநேகமாகப் பிடிப்பில்தான் கோளாறு. குழந்தை காம்பை மட்டும் கவ்வக் கூடாது. வாயை அகலத் திறந்து, கருவட்டத்தின் கீழ்ப் பகுதியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும். முதல் சில நொடி இழுப்பு தவிரத் தொடர்ந்து வலித்தால், சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி போடுங்கள். காம்பு வெடித்து ரத்தம் வந்த பிறகும் "பழகிவிடும்" என்று பொறுத்துக்கொள்வதில் ஒரு லாபமும் இல்லை. தாய்ப்பால் ஆலோசகரோ அனுபவமுள்ள செவிலியரோ ஒருமுறை நேரில் பார்த்தால் போதும்.

சுருக்கமாக: பம்ப்பில் வருவது குறைவு என்பதால் மார்பில் பால் குறைவு என்று ஆகாது. வலித்தால் ஏதோ ஒன்று பொருந்தவில்லை.

எடுத்த பாலுக்கு வேறு விதி

மார்புக்குள் பால் கெடாது என்று சொன்னேன். வெளியே வந்த நிமிடத்திலிருந்து பழமொழியின் இரண்டாம் பாதி அமலுக்கு வருகிறது.

அமெரிக்காவில் 2016-இல் ஒரு குறைமாதக் குழந்தை குரோனோபாக்டர் என்ற கிருமி தொற்றிக் கடுமையாக நோயுற்றது. அதே கிருமி தாய் பயன்படுத்திய பம்ப்பிலும் எடுத்துவைத்த பாலிலும் சமையலறைத் தொட்டியின் வடிகாலிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அபூர்வமான தொற்றுதான். ஆனால் அதன் பிறகு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பம்ப் கழுவுவதற்கென்றே விரிவான வழிமுறை வெளியிட்டது. அதில் உள்ளவை எங்கும் பொருந்தும்.

பம்ப்பைத் தொடும் முன் கை கழுவ வேண்டும். பால் பட்ட பாகங்களை ஒவ்வொரு தடவையும் கழற்றி, முதலில் ஓடும் தண்ணீரில் அலசி, அதற்கென்றே வைத்த தனிப் பாத்திரத்தில் சோப்பும் சூடான தண்ணீரும் விட்டு, தனி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் நேரடியாகப் போடக் கூடாது. கிருமிக்குப் பிடித்த இடம் அது. சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விடுவது கழுவியதாக ஆகாது. கழுவியதைத் துணியால் துடைக்காமல் சுத்தமான துண்டின் மேல் கவிழ்த்துக் காற்றில் உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். குழந்தைக்கு 2 மாதம் ஆகவில்லை, குறைமாதத்தில் பிறந்தது, அல்லது எதிர்ப்புச் சக்தி குறைவு என்றால் நாளுக்கு ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். காற்றுக் குழாயின் உள்ளே கருப்புப் புள்ளி தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

பாலை வைக்கும் காலத்துக்கு நினைவில் நிற்கிற கணக்கு இது: 25 டிகிரி செல்சியஸ் வரை உள்ள அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை நல்லது. அறை அதைவிடச் சூடாக இருந்தால் 4 மணி நேரம் காத்திருக்காமல் எடுத்தவுடன் ஃப்ரிட்ஜில் வையுங்கள், கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே தள்ளி. ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதி, 60 முதல் 120 மில்லியாகப் பிரித்து வைத்தால் வீணாகாது. உறைந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து உருக்கினால், முழுதாக உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்து மீதம் வைத்ததை 2 மணி நேரம் கடந்தால் கொட்டிவிடுங்கள். மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்கு அவர்கள் சொல்லும் விதி இதைவிடக் கடுமையாக இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

சூடாக்க மைக்ரோவேவ் கூடாது. மேலே இளஞ்சூடாகத் தெரிந்தாலும் நடுவில் சில இடம் கொதித்திருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும். சூடான தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாட்டிலை நிறுத்திவைத்தால் போதும். சூடாக்கியே தீர வேண்டும் என்றும் இல்லை.

ஃப்ரிட்ஜில் வைத்த பாலின் மேல் கொழுப்பு ஒரு படலமாக ஒதுங்கி, அடியில் தண்ணீர் போல நீலம் பாய்ந்து நிற்கும். திரிந்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். உறைந்து உருகிய பாலில் சோப்பு வாசம் வந்தால், அது பாலிலேயே இருக்கும் லிபேஸ் என்ற என்ஸைம் கொழுப்பை உடைப்பதால் வருவது. அதனால் தீங்கில்லை, சில குழந்தைகள் மட்டும் முகம் சுளிக்கும்.

மார்பு கட்டிக்கொண்டால், சிவந்தால்

இந்த விஷயத்தில் அறிவுரையே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் மார்பில் கட்டி தட்டுப்பட்டால் சூடான ஒத்தடம் கொடு, அழுத்தித் தேய், பம்ப் வைத்து ஒட்ட எடு என்பார்கள். மார்பக அழற்சி பற்றி 2022-இல் வந்த சர்வதேச தாய்ப்பால் மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல் இதைத் திருப்பிப் போட்டது.

காரணம் எளிது. கட்டிக்கொண்ட மார்பில் வெறும் பால் மட்டும் தேங்கியிருக்கவில்லை. திசுவே வீங்கி, வீக்கத்தால் குழாய்கள் நெரிபட்டிருக்கின்றன. அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். ஒட்ட இறைத்தால் இன்னும் அதிகமாக ஊறும். ஆகவே குழந்தை கேட்கும்போது வழக்கம்போல் கொடுங்கள், அதற்கு மேல் எடுக்க வேண்டாம். குழந்தை பிடிக்க முடியாதபடி விறைத்திருந்தால் கொஞ்சமாகக் கையால் பீய்ச்சி இளக்கினால் போதும். துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் வீக்கத்தை வாங்கும். வலிக்கு ஐபுபுரோஃபென் அல்லது பாராசிட்டமால் பொதுவாகப் பாலூட்டும் தாய்க்கு ஏற்றவை. அல்சர், சிறுநீரகக் கோளாறு போன்றவை இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மார்பைத் தடவினால் மென்மையாக, அக்குளை நோக்கி, தோலை மட்டும் வருடுவது போல.

ஒரு பகுதி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் அது மார்பழற்சி. எல்லா மார்பழற்சியும் கிருமித்தொற்று இல்லை. 24 மணி நேரத்தில் குறையவில்லை, அல்லது உடம்பு மோசமாகிறது என்றால் டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார். தொட்டால் தளும்பும், வலி மிகுந்த கட்டி நின்றுவிட்டால் சீழ் சேர்ந்திருக்கலாம், ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டிவரும். இந்தக் காலத்திலும் அந்தப் பாலைக் குழந்தை குடிக்கலாம். திடீரென்று நிறுத்தினால் நிலைமை மோசமாகும்.

மருந்து சாப்பிட்டால் பாலைக் கொட்ட வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். தாய்க்குச் சளி, காய்ச்சல் வந்தால் பால் நிறுத்தத் தேவையில்லை; அந்தக் கிருமிக்கு எதிரான பொருளும் பால் வழியே குழந்தைக்குப் போகிறது. பெரும்பாலான சாதாரண மருந்துகள் பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன. விதிவிலக்கு உண்டு. கோடீன், டிரமடால் என்ற வலி மருந்துகளைப் பாலூட்டும் தாய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. சிலரின் உடல் அவற்றை வேகமாக வீரியமான பொருளாக மாற்றிவிடுவதால் குழந்தைக்கு மூச்சு மந்தமாகலாம். மருந்து எழுதும் எந்த டாக்டரிடமும் "பால் கொடுக்கிறேன்" என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

மது குடித்தால் பம்ப் வைத்து எடுத்துக் கொட்டினால் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை, அது வேலை செய்யாது. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பாலிலும் இருக்கும். ரத்தத்தில் குறையும்போதுதான் பாலிலும் குறையும். ஒரு அளவு மதுவுக்கு (5 சதவீத ஆல்கஹால் உள்ள பீர் என்றால் சுமார் 350 மில்லி) குறைந்தது 2 மணி நேரம் காத்திருக்க வேண்டும். குடிக்காமல் இருப்பது பாதுகாப்பு.

புற்றுநோய் மருந்துகள், கதிரியக்க அயோடின் போன்றவற்றுக்குத் தாய்ப்பாலை நிறுத்தத்தான் வேண்டும், சிலவற்றுக்கு முழுமையாக. குழந்தைக்கே கேலக்டோசீமியா என்ற அரிய பிறவிக் கோளாறு இருந்தால் பெரும்பாலும் தாய்ப்பால் கொடுக்க முடியாது. சில நாட்கள் மட்டும் நிறுத்தச் சொல்லும் சிகிச்சை என்றால், எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, அந்த நாட்களில் வழக்கமான வேளைகளுக்குப் பம்ப் வைத்து எடுத்துக் கொட்டிவாருங்கள். சுரப்பு விட்டுப்போகாது.